கரண்ட் போனதால் தப்பிய முனை: ஒரு பொலிஷர் ஷாப்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு நகரை ஒட்டிய எங்கள் பட்டறையில் இரண்டு லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்), ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின் இருக்கின்றன. வேலை செய்பவர்கள் நான்கு பேர். ஓடர் எடுப்பதும் கணக்குப் பார்ப்பதும் நான். பெரிய லேத்தில் அப்போது நின்றவர் இருபத்து மூன்று வயதுத் தம்பி, என்.வி.கியூ. 4 என்ற தொழில் தகைமை முடித்தவர், கை சுத்தமானவர். வாரத்தில் இரண்டு நாள் வந்து போகிறவர் எங்கள் மூத்தவர். வாழைச்சேனைக் காகித ஆலையின் இயந்திரப் பட்டறையில் தொழில் பழகிப் பல ஆண்டுகள் கடைச்சல் வேலை செய்தவர். கண் கொஞ்சம் மங்கிவிட்டதால் மெஷினில் நிற்பதில்லை. ஆனால் சீவல் விழும் சத்தத்தை வைத்தே வெட்டும் டூல் மழுங்கிவிட்டதா என்று சொல்லுவார்.

துல்லியக் கடைச்சல் என்றதும் வெளியில் இருப்பவர்களுக்கு விமானப் பாகம், குளிரூட்டிய அறை என்றெல்லாம் நினைவு வரலாம். எங்களிடம் வருவது நெல் ஆலை ஷாப்ட் (சுழலும் தண்டு), வள்ளத்து இன்ஜினின் புரொப்பெல்லர் ஷாப்ட், லேண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தின் சாமான், ஐஸ் ஆலைப் பம்ப். கூரை தகரம், கதவு எந்நேரமும் திறந்தபடி. ஆனாலும் ஷாப்டைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையமான பேரிங் சரியாக உட்கார வேண்டுமென்றால் அளவு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் கீழே, சரியாக வரத்தான் வேண்டும். தகரக் கூரை என்பதற்காகப் பேரிங் சலுகை தருவதில்லை.

இங்கே எழுதியிருப்பது ஒரு சிறுபோக அறுவடைக் காலத்தில் நடந்தது. கச்சான் காற்று அடித்து ஊரே காய்ந்துகொண்டிருந்த நாட்கள். கல்முனைக்கு அப்பால் உள்ள ஒரு நெல் ஆலையின் அரிசியைத் தீட்டும் பொலிஷர் இயந்திரத்துக்கு நாங்கள் ஒரு ஷாப்ட் செய்து கொடுத்தோம். மூன்றாவது வாரம் அதன் ஒரு முனையில் பேரிங் தளர்ந்து ஆலை நின்றது. பிழை எங்களுடையது. அது எப்படி நுழைந்தது என்பதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது, அதில் முதல் நாளை நான் வீணாக்கினேன்.

வேலை வந்த விதம்

ஒரு திங்கட்கிழமை காலை ஆலையில் இயந்திரம் பூட்டும் பிட்டர் பழைய ஷாப்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். நீளம் ஏறக்குறைய 900 மி.மீ. இரண்டு முனையிலும் 50 மி.மீ. பேரிங் ஏறும் பகுதி, அதை நாங்கள் சீட் என்போம். பேரிங் இலக்கம் 6310: உள் விட்டம் 50, வெளி விட்டம் 110, அகலம் 27. பழைய சீட்டுகள் இரண்டும் தேய்ந்து, அதன் மேல் யாரோ சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தார்கள். தளர்ந்த ஷாப்டில் பேரிங்கைப் பிடிக்கவைக்க இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வேலை. குத்திய இடம் கொப்புளம் போல மேலே வரும், அதன் மேல் பேரிங் இறுகினாற்போல் தெரியும், கொஞ்ச நாளில் கொப்புளம் அமுங்கிப் பழையபடி ஆகும்.

ஆலை முதலாளி போனில் சொன்னது ஒன்றுதான்: செவ்வாய் மத்தியானத்துக்கு முன் வேண்டும். களத்தில் நெல் மூட்டை அடுக்கிக் கிடக்கிறது, லொறிகள் வந்து நிற்கின்றன. நான் சரி என்றேன்.

வேலை அட்டையில் நான் எழுதியது இவ்வளவுதான்: "சாம்பிள் மாதிரி. ஈஎன்8. பேரிங் 50." ஈஎன்8 என்பது உருக்கின் வகை. எவ்வளவு இறுக்கம், மேல் எல்லை என்ன, கீழ் எல்லை என்ன என்று எதுவும் இல்லை. சாம்பிளே தேய்ந்துபோன சாம்பிள். தம்பிக்கு அளவு தெரியும் என்று நான் விட்டுவிட்டேன். தெரிந்துதான் இருந்தது. உள்வளையம் ஷாப்டோடு சேர்ந்து சுழலும் இடத்தில் அது ஷாப்டில் இறுக்கமாக இருக்க வேண்டும், அதற்குப் பொதுவாக எடுப்பது கே6 என்ற அளவு எல்லை. 50 மி.மீ. ஷாப்டுக்கு அதன் அர்த்தம் 50.002 முதல் 50.018 வரை. தம்பி 50.010 என்று மனதில் வைத்துக்கொண்டார். நல்ல தேர்வு.

திங்கள், செவ்வாய்: லேத்தில் நடந்தது

65 மி.மீ. தடிக்கம்பியை அறுத்து, இரு முனையும் முகம் வெட்டி, சென்டர் போட்டு, பின்னேரம் மூன்று மணியளவில் தம்பி கரட்டு வெட்டை, அதாவது மிச்ச உலோகத்தைக் களையும் முதல் வெட்டை, தொடங்கினார். கார்பைட் டூல், கனமான வெட்டு. வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவத்தை ஊற்றும் கூலன்ட் பம்ப் நான்கு மாதமாக ஓடவில்லை. "பிறகு பார்ப்போம்" என்று நான் சொல்லிச் சொல்லியே அது பழகிப்போயிருந்தது. ஆகவே காய்ந்த வெட்டு. சீவல் நீலமாகிப் புகைந்துகொண்டு விழுந்தது.

கரட்டு வெட்டு முடிந்ததும் நிற்காமல் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) பக்கத்துச் சீட்டை இறுதி அளவுக்கு எடுத்தார். நுண் அளவு பார்க்கும் மைக்ரோமீற்றர் 50.015 காட்டியது. எமரிக் கடதாசியால் லேசாக மினுக்கினார், 50.010. அட்டையில் எழுதினார். நேரம் ஐந்தேகால் இருக்கும். ஷாப்டைக் கழற்றித் திருப்பி மாட்டி மற்ற முனையைத் தொடும் நேரத்தில் கரண்ட் போனது. ஆறு மணி வரை காத்திருந்தோம், வரவில்லை. தம்பி வீட்டுக்குப் போனார். மறுநாள் விடிய ஏழரைக்கு வந்து மற்ற முனையை முடித்தார். அங்கேயும் 50.010 என்று எழுதினார். பத்து மணிக்கு பிட்டர் வந்து ஷாப்டை ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரே ஷாப்ட், ஒரே மெஷின், ஒரே கை, ஒரே மைக்ரோமீற்றர், இரண்டு முனையிலும் ஒரே எண். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

மூன்றாவது வாரம்: முறைப்பாடு

இருபத்தோராம் நாள் காலை முதலாளியின் போன். புல்லிப் பக்கத்து பேரிங் கர்ரென்று சத்தம் போடுகிறது, கை வைக்க முடியாத சூடு. நான் யோசிக்காமலே சொன்ன பதில்: "ஹாஜியார், பேரிங் போலியாய் இருக்கும். இல்லாட்டி பெல்ட்டைக் கூட இறுக்கிப்போட்டாங்க."

இரண்டும் நடக்கக்கூடியவைதான். சந்தையில் பெரிய கம்பனிப் பெயர் குத்திய போலிப் பேரிங் புழங்குகிறது. பெல்ட்டை இறுக்கினால் புல்லிப் பக்கத்தில் சுமை ஏறும். ஆனால் நான் சொன்னது பார்த்துச் சொன்னதல்ல, பழி எங்கள் மேல் விழாமல் இருக்கச் சொன்னது. அன்று முழுவதும் பேரிங் வாங்கிய கடையோடு போனில் வாக்குவாதம் செய்து போக்கினேன். ஆலை ஒரு நாள் சும்மா நின்றது.

மறுநாள்: ஆலையில் பார்த்தது

புதன்கிழமை நானும் மூத்தவரும் போனோம். அவர் பெட்டியில் மைக்ரோமீற்றரையும் அதன் 50 மி.மீ. சோதனைக் கோலையும் வைத்து மூடி, பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தார். "வானில பின் சீற்றில வெயில்ல கிடந்தா அதுவும் பொய் சொல்லும் மனே" என்றார். அப்போது அந்த வார்த்தையை நான் பெரிதாக எடுக்கவில்லை.

பெல்ட்டை அவிழ்த்து, புல்லியை எடுத்து, மூடியைத் திறந்தோம். புல்லர் போட்டு இழுக்கத் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. பேரிங் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் கீழே ஷாப்ட் கண்ணாடி போல மினுங்கியது. ஓரங்களில் செம்மண் நிறத்தில் நுண்ணிய தூள், விரலில் எடுத்துத் தேய்த்தால் கொக்கோத் தூள் போல ஒட்டியது. இரண்டு உலோகப் பரப்பு மிகச் சிறிய அசைவில் ஓயாமல் உரசினால் இரும்பு பொடிந்து துருவாகி இந்தத் தூள் வரும். அதாவது உள்வளையம் ஷாப்டோடு சேர்ந்து சுழலவில்லை, ஷாப்டின் மேல் தனியாக ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

மூத்தவர் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, காற்றில் உலர்த்தி, காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுழற்றினார். வெளிச்சத்துக்குப் பிடித்து உருளும் தடத்தைப் பார்த்தார். குண்டுகளில் குழி இல்லை, தடத்தில் செதில் இல்லை. "இது நல்ல பேரிங். கடைக்காரன்ட பழி இல்ல" என்றார். என் முதல் நாள் வாதம் அங்கேயே முடிந்தது.

அடுத்து அளவு. மைக்ரோமீற்றரைச் சோதனைக் கோலில் வைத்துப் பார்த்தோம், பூச்சியம் சரி. தேய்ந்த இடம் 49.93. ஆனால் அது மூன்று வாரம் உரசிய பிறகு உள்ள அளவு. நாங்கள் என்ன அளவில் கொடுத்தோம் என்பதை அது சொல்லாது. இங்கேதான் மூத்தவரின் கண் மங்கவில்லை என்று தெரிந்தது. சீட்டின் நீளம் 32 மி.மீ., பேரிங்கின் அகலம் 27. மிச்சம் 5 மி.மீ. வளையம் தொடாத பட்டை, எங்கள் டூல் விட்டபடியே, எமரி தேய்த்த வரிகளோடு இருந்தது. அதை அளந்தோம்: 49.986.

நாங்கள் அட்டையில் எழுதியது 50.010. வித்தியாசம் 0.024 மி.மீ., ஒரு தலைமுடியின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. இந்த பேரிங்கின் உள் விட்டம் 49.988 முதல் 50.000 வரை எங்கேயும் இருக்கலாம், அது அதன் நியமம். ஷாப்ட் 49.986 என்றால் எந்தப் பேரிங்கை எடுத்தாலும் இறுக்கம் இல்லை.

மற்ற முனையில் பேரிங்கை எடுக்கப் புல்லரோடு கால்மணி நேரம் போராடினோம். அதன் கீழே தூள் இல்லை. 50.010.

பிட்டரிடம் மூத்தவர் கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்கவே மாட்டேன்: "ஏத்தக்குள்ள எப்படி ஏறிச்சு?"

"இந்தப் பக்கம் நல்ல லேசு. கையால தள்ளக்குள்ளயே போயிற்று. மத்தப் பக்கம்தான் பைப்பு வெச்சு அடிச்சு ஏத்தினது, உசிர் போயிற்று."

லேசாக ஏறியதை அவர் நல்ல வேலைக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். இறுகிய முனையைப் பற்றித்தான் எங்களைத் திட்டியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. எப்படி ஏற வேண்டும் என்று நாங்கள் சொல்லி அனுப்பவில்லை, எப்படி ஏறியது என்று பிறகு கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

பட்டறையில் விசாரணை

திரும்பி வந்ததும் தம்பியைச் சத்தம் போட்டேன். எழுதிய எண் பொய் என்றேன். அவர் முகம் கறுத்துப்போனது. "அண்ணன், நான் அளந்துதான் எழுதினான். ரெண்டு தரம் அளந்தன்" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த நேரத்தில் அந்த ஷாப்ட் 50.010 தான் இருந்தது.

மூத்தவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திங்கட்கிழமை பின்னேரத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். தம்பி சொல்லச் சொல்ல "மறுகா? மறுகா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கரட்டு வெட்டின் நடுவில் நடந்த ஒரு சின்ன விஷயம் அப்போதுதான் வந்தது. "டெயில் ஸ்டொக் இறுகிற்று, சென்டர் சத்தம் போட்டிச்சு. கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு வெட்டினன்."

மூத்தவர் கையைத் தூக்கினார். "அதுதான்."

டெயில் ஸ்டொக் என்பது லேத்தில் ஷாப்டின் மறுமுனையைக் கூரான சென்டரால் தாங்கிப் பிடிக்கும் பகுதி. அது ஏன் இறுகும்? ஷாப்ட் நீண்டதால். ஏன் நீண்டது? சூட்டால். உருக்கு ஒரு மீற்றருக்கு ஒரு பாகை சூட்டில் ஏறக்குறைய 0.0115 மி.மீ. விரியும். 900 மி.மீ. ஷாப்ட் 30 பாகை சூடேறினால் 0.3 மி.மீ. நீளும், சென்டரை அழுத்த அது போதும். நீளத்தில் நடந்தது விட்டத்திலும் நடக்கும். 50 மி.மீ.க்கு ஒரு பாகைக்கு அரை மைக்ரோனைக் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்று) கொஞ்சம் தாண்டும், 30 பாகைக்கு 17 மைக்ரோன். கே6 எல்லையின் முழு அகலமே 16 மைக்ரோன்தான். ஆக, சூட்டில் நடு அளவுக்கு எடுத்த ஷாப்ட் ஆறியதும் எல்லைக்கு வெளியே போய்விடும்.

கணக்கு சரியாக வந்தது. ஆனாலும் கணக்கு மட்டும் போதாது என்று மூத்தவர் பிடிவாதமாக இருந்தார். மிச்சமிருந்த தடிக்கம்பித் துண்டை அதே டூலில், அதே வேகத்தில், கூலன்ட் இல்லாமல் வெட்டச் சொன்னார். தம்பி 50.010 வரை எடுத்து நிறுத்தினார். பிறகு ஒருவரும் தொடவில்லை, அளந்தது மட்டும்தான். கால்மணி கழித்து 50.006. ஒரு மணி நேரத்தில் 49.999. மூன்று மணி நேரத்தில் 49.992. மறுநாள் காலை 49.991, அதற்குப் பிறகு அசையவில்லை. மொத்தம் 19 மைக்ரோன்.

ஆலையில் பார்த்தது 24. மிச்சம் ஐந்து எங்கே? தம்பி 50.015இலிருந்து 50.010க்கு எமரியால் இறக்கியதாகச் சொன்னார். எமரி தேய்த்தாலும் அந்த இடம் சூடாகும், ஆகவே எமரி எடுத்தது மைக்ரோமீற்றர் காட்டியதைவிடக் கூடவே இருந்திருக்கும். இந்த ஐந்தைப் பற்றி நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு பகுதி எமரி, ஒரு பகுதி அன்றைய ஷாப்ட் இந்தத் துண்டைவிட அதிகம் சூடேறியிருந்தது. மொத்தத்தில் பெரிய பங்கு வெட்டுச் சூடுதான் என்பதில் சந்தேகம் இல்லை.

மற்ற முனை ஏன் தப்பியது என்பதும் இப்போது தெளிவு. கரண்ட் போய் ராத்திரி முழுவதும் ஆறிக் கிடந்து, விடிய மெல்லிய வெட்டோடு முடிந்தது. நல்ல முனையை உண்டாக்கியது எங்கள் கெட்டித்தனம் இல்லை, மின்வெட்டு.

ஒரு விளக்கம், ஏனென்றால் இதில் பலருக்கும் குழப்பம் உண்டு

பட்டறை வெக்கை 34 பாகை, நியமம் 20 பாகை, அப்படியானால் இங்கே அளப்பதெல்லாமே பிழையா என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அளவுகளுக்கான பொதுச் சூடு 20 பாகை என்பது உண்மைதான். ஐ.எஸ்.ஓ. அமைப்பு 1951இல் வெளியிட்ட முதலாம் இலக்க ஆவணமே அதைப் பற்றியது. தம்பிக்கு அது பரீட்சைக்கு மனப்பாடம். ஆனால் உருக்கு ஷாப்டும் உருக்கு மைக்ரோமீற்றரும் உருக்கு பேரிங்கும் மூன்றும் 34 பாகையில் இருந்தால் மூன்றும் ஒரே அளவாக விரிந்திருக்கும், இறுக்கம் மாறாது. மட்டக்களப்பு வெயில் எங்களைக் கெடுக்கவில்லை. ஷாப்டுக்கும் மைக்ரோமீற்றருக்கும் இடையில் இருந்த 30 பாகை வித்தியாசம்தான் கெடுத்தது. பித்தளை, அலுமினியம் வேலை என்றால் கதை வேறு. அலுமினியம் உருக்கைப்போல் இரண்டு மடங்கு விரியும், அங்கே 20 பாகையைக் கணக்கில் எடுக்காமல் முடியாது.

வெக்கை ஊரில் இருப்பதால் ஒரு வசதியும் உண்டு. பட்டறைச் சூடும் நம் தோலின் சூடும் இங்கே ஏறக்குறைய ஒன்று. ஆறிய உருக்கைத் தொட்டால் குளிரவும் மாட்டாது, சுடவும் மாட்டாது. புறங்கையை வைத்ததும் மெல்லிய வெதுவெதுப்பு தெரிந்தாலே இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். இதைச் சொன்னதும் மூத்தவர்தான். தூரத்திலிருந்து சூடு பார்க்கும் துப்பாக்கி ஒன்றை நான் பிறகு வாங்கினேன். புதிதாகக் கடைந்த மினுங்கும் பரப்பில் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டுகிறது. புறங்கையே மேல்.

எடுத்த முடிவுகள்

ஆலை நின்றுகொண்டிருந்தது. முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

பஞ்ச் அடிப்பது என்று பிட்டரே கேட்டார், பத்து நிமிட வேலை என்றார். மறுத்தோம். பழைய ஷாப்ட் அப்படித்தான் எங்களிடம் வந்தது.

தேய்ந்த இடத்தில் வெல்டிங் நிரப்பித் திரும்பக் கடைவது இரண்டாவது. ஈஎன்8இல் கரிமம் 0.4 வீதம் அளவில் இருக்கிறது. முன்சூடு கொடுக்காமல் வெல்டிங் வைத்தால் ஓரத்தில் இறுகி வெடிப்பு விட இடம் உண்டு. அதுவும் புல்லிப் பக்கம், வளைவுச் சுமை மாறி மாறி விழும் இடம். ஷாப்டும் கோணும். அவசரத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை என்று விட்டோம்.

புதிய ஷாப்ட் செய்வது சரியான வழி, ஆனால் ஆற விட்டுச் செய்தால் இரண்டு நாள். அறுவடைக் காலத்தில் இரண்டு நாள் என்றால் நெல் கொண்டுவந்தவர்கள் வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே நான்காவது வழியையும் மூன்றாவதையும் சேர்த்தோம். உருளை இடைவெளியை நிரப்பி இறுகும் பேரிங் பசை, லொக்டைட் வகை, கடையில் கிடைத்தது. இடைவெளி 0.06 மி.மீ. அளவில் இருந்தது, பசை தாங்கும் எல்லைக்குள். செம்மண் தூளை முழுக்கச் சுரண்டி, தின்னரால் மூன்று தடவை துடைத்து, புதிய பேரிங்கைப் பசையோடு ஏற்றி, ராத்திரி முழுவதும் காய விட்டோம். பொலிஷருக்குப் பாதிச் சுமைதான் கொடுக்க வேண்டும், ஒரு மணிக்கொரு தடவை பேரிங் மூடியில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் நேரில் சொன்னேன். இது பாலம் மட்டும்தான், நிரந்தரம் இல்லை என்றும் சொன்னேன். பிழை எங்களுடையது, புதிய ஷாப்டுக்குப் பணம் வேண்டாம் என்றும் அப்போதே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு "கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றார். சொன்னேன். அதுதான் அந்த வாரத்தில் கஷ்டமான போன்.

இரண்டாவது ஷாப்ட்

முதலில் கூலன்ட் பம்ப். மோட்டரில் பழுதே இல்லை. அடிவலையில் சீவல் அடைத்து, அதன் மேல் எண்ணெய் களிம்பாகியிருந்தது. அரை மணி நேர வேலை, நான்கு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

வியாழன் கரட்டு வெட்டு, கூலன்டோடு. விட்டத்தில் அரை மில்லிமீற்றர் மிச்சம் வைத்து நிறுத்தினோம். ஷாப்டை மெஷினிலிருந்து கழற்றி, மரக்கட்டைகளின் மேல் வைத்து, பக்கத்திலேயே மைக்ரோமீற்றரையும் சோதனைக் கோலையும் வைத்தோம், ராத்திரி முழுவதும் மூன்றும் ஒரே காற்றில் கிடக்கட்டும் என்று. ஈரத்துணி சுற்றி ஆற்றலாம் என்று தம்பி சொன்னார். செய்து பார்த்தோம். மேலே குளிர்ந்த மாதிரி இருந்தது, துணியை எடுத்துப் பத்து நிமிடத்தில் உள்ளிருந்த சூடு மறுபடி வெளியே வந்தது. அவசரத்துக்கு அது உதவாது.

வெள்ளி காலை புதிய வெட்டுமுனையில் (இன்சேர்ட்) மெல்லிய வெட்டாக இரு முனையையும் முடித்தார். எமரி இல்லை. முதல் அளவு 50.012. டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் 50.011. மத்தியானம் 50.011. மற்ற முனை 50.010. மைக்ரோமீற்றரை நீண்ட நேரம் கையில் பிடிக்காமல் இருந்தோம். கைச்சூட்டில் அதன் சட்டம் விரிந்தால் அளவு குறைத்துக் காட்டும்.

ஏற்றுவதற்கு நானே போனேன். பேரிங்கைச் சுத்தமான எண்ணெயில் மூழ்கவைத்து ஏறக்குறைய 100 பாகைக்குச் சூடாக்கினோம். 120ஐத் தாண்டக்கூடாது. எடுத்துத் துடைத்து ஷாப்டில் வைத்ததும் தோள் வரை தானாக ஓடிப்போய் நின்றது, ஒரு நிமிடத்தில் இறுகிப் பிடித்தது. சுத்தியலோ பைப்போ வேண்டியிருக்கவில்லை. பிட்டர் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "அப்ப அண்டைக்கு நான் அடிச்சதும் பிழைதானே" என்றார். ஆமாம், அடித்து ஏற்றும்போது அடி குண்டுகள் வழியாகப் போனால் தடத்தில் தழும்பு விழும். அந்தப் பக்கத்து பேரிங்கையும் புதிதாக மாற்றினோம்.

பழைய ஷாப்டின் புல்லி முனையில் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம், வேறு யாரும் எடுத்துப் பூட்டிவிடக்கூடாதே.

பின்னர் நடந்தது

ஒரு மாதத்திலும் சிறுபோகம் முடிந்ததும் மூடியைத் திறந்து பார்த்தோம். செம்மண் தூள் இல்லை. பேரிங் மூடியில் கை வைத்து எண்ணிக்கொண்டிருக்கலாம், அவ்வளவு சூடுதான். அடுத்த பெரும்போகமும் அதே ஷாப்டில் ஓடியது.

பெல்ட் இறுக்கம் பற்றி நான் முதல் நாள் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. அன்று பெல்ட் அளவுக்கு மேல் இறுகித்தான் இருந்தது. ஆனால் இறுக்கம் இல்லாத உள்வளையம் பெல்ட் தளர்ந்திருந்தாலும் ஊர்ந்திருக்கும். மூன்று வாரத்துக்குப் பதில் இரண்டு மாதம் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

மாற்றியவை

வேலை அட்டையில் இப்போது பேரிங் இலக்கத்தோடு மேல் எல்லையும் கீழ் எல்லையும் நான்தான் எழுத வேண்டும். எழுதாத அட்டை மெஷினுக்குப் போவதில்லை. 50, 60, 70 மி.மீ.க்கான கே6 அளவுகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அட்டையில் இன்னொரு கட்டமும் சேர்ந்தது: "ஆறியது, நேரம்". கடைசி வெட்டுக்கு முன் ஒன்று, கடைசி அளவுக்கு முன் ஒன்று. சாமான் கொண்டுபோனவருக்கு மறுநாள் ஒரு போன்: எப்படி ஏறியது?

மறுபடியும் நடந்தால் நான் மாற்றுவது எனது முதல் பதிலைத்தான். மூடியைத் திறந்து பார்க்கும் வரை ஒரு காரணமும் சொல்லாமல் இருந்திருந்தால் ஆலைக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும், கடைக்காரரோடு சண்டையும் இருந்திருக்காது. தம்பியிடம் எண் பொய் என்று சொன்னதையும் திருப்பி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன், ஆனால் அவர் இரண்டு வாரம் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தார்.

அவர் இப்போது கொரியாவில், ஒரு கடைச்சல் ஆலையில். அவருடைய இடத்துக்கு வந்திருக்கும் பையன் போன மாதம் ஒரு பம்ப் ஷாப்டை முடித்து, துடைத்து, எண்ணெய் பூசி, கடதாசியில் சுற்றி வைத்திருந்தான். அளவெல்லாம் எழுதியிருந்தான். "ஆறியது" கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. வாசலில் வான் இன்ஜினை நிறுத்தாமல் காத்துக்கொண்டிருந்தது. கடதாசியை அவிழ்த்துப் புறங்கையை வைத்துப் பார்த்தேன், பிறகு வான்காரரை நாளைக் காலை வரச் சொல்லி அனுப்பினேன்.